ஏலத்துக்கு முன் விரிக்க வேண்டிய வரைபடம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களின் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் அதுதான். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், லகர் ராஜாளி வாழும் பாறைகள், சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை என்று அந்த அறிவிக்கைக்குக் காரணங்கள் நிறையவே இருந்தன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் வெளியிட்டது. 20.16 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தத் தொகுதிக்குள் பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது. ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மக்கள் போராடிப் பெற்ற வெற்றி அது, சந்தேகமில்லை. ஆனால் அப்படியொரு போராட்டத்துக்கு அவசியமே வந்திருக்கக் கூடாது.

தலத்தின் எல்லை மாநில அரசின் அறிவிக்கையில் இருந்தது. தொகுதியின் எல்லை ஏல ஆவணத்தில் இருந்தது. இரண்டும் அரசுகள் கோடு போட்டு எல்லை காட்டிய ஆவணங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கக் கணினியில் சில நிமிடங்கள் போதும். எதிர்ப்பு வலுத்த பிறகு சுரங்க அமைச்சகம் தந்த விளக்கத்தில் அந்தக் கணக்கு வந்தது: தொகுதியின் பரப்பில் 1.93 சதுர கிலோமீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்குதான் பாரம்பரியத் தலத்துக்குள் வருகிறது. அதை விலக்கி எல்லையைத் திருத்த முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். ஏலம் விடுவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கை ஏலம் விட்டு ஒன்றரை மாதம் கழித்துப் போட்டிருக்கிறார்கள். நாடு தழுவிய இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்குமானால் அதன் அடிப்படைக் காரியம் இதுதான்: எதை இழந்தால் வேறெங்கும் ஈடு செய்ய முடியாதோ அதையெல்லாம் முதலில் வரைபடத்தில் குறிப்பது, நிலத்தை ஒதுக்கும் ஒவ்வொரு துறையும் ஒதுக்குவதற்கு முன் அந்த வரைபடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் எழுதுவது. முதல் பாதிக்கான அறிவு நம்மிடம் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது பாதிதான் இன்னும் இல்லை.

வரைபடங்களுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் 1987-லிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படங்களை வைத்து வனப்பரப்பைக் கணக்கிடுகிறது. ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் தரிசு நில வரைபடத் தொகுப்பைத் தயாரிக்கிறது. அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் ஈரநிலங்களை வரைந்திருக்கிறது. ஒன்றிய அரசு 2023-ல் வெளியிட்ட அறிக்கை 15 மாநிலங்களில் 150 யானை வழித்தடங்களைக் குறித்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்பே, 1988-ல், இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தைச் சேர்ந்த ராட்ஜர்ஸ், பன்வார் இருவரும் நாட்டைப் பத்து உயிர்ப்புவியியல் மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் பாதுகாப்பு குறைவு என்று பார்த்து, எங்கே புதிய சரணாலயங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். உலகின் பல நாடுகள் இப்படி யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே நாம் செய்த வேலை அது. அதற்குப் பிறகு வந்த வரைபடங்களில் பெரும்பாலானவை அந்தந்தத் துறையின் தேவைக்காக வரையப்பட்டவை. ஒரு துறையின் தேவை எதுவோ அதுதான் அதன் வரைபடத்தில் தெரியும். மற்றதெல்லாம் அதில் வெறும் காலியிடம்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வன அளவையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் கவிகை பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த வகை என்ற கேள்விகள் அதில் இல்லை. தண்ணீர் வற்றிய கண்மாயில் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடந்தால், மேலிருந்து எடுத்த படத்தில் அது பச்சை, வனக்கணக்கில் சேரும். நீலகிரியின் புல்வெளியில் சீகையும் தைலமும் பைனும் நட்டால், புல்வெளி போய்க் காடு கூடியதாகக் கணக்கில் ஏறும். அந்த ஈரப் புல்வெளிகள்தாம் மழையைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விடுகின்றன. வரையாடு மேய்வதும் அங்கேதான். 1973 முதல் 2017 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவீதம், அயல் மரங்களால் பறிபோனதை ஆய்வாளர் அரசுமணியும் அவருடைய குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றில்தான் இழப்பு அதிகம். 2023-ஆம் ஆண்டின் வன அறிக்கை நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர் என்கிறது. இந்த எண்ணில் சோலைக்காடும் இருக்கிறது, சோலைப் புல்வெளியைத் தின்ற சீகைத் தோட்டமும் இருக்கிறது. இழந்ததையும் பெற்றதையும் ஒரே நிறத்தில் தீட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க முடியாது.

சமவெளியில் நிலைமை இன்னும் மோசம். 2019-ல் வெளிவந்த தரிசு நிலத் தொகுப்பு நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதத்தைத் தரிசு என்கிறது. முட்செடி படர்ந்த வெளி, மணல்மேடு, பாறைக்காடு, மேய்ச்சல் நிலம் என எத்தனையோ அதில் அடங்கும். நிலவரி வாங்கிய காலத்தில் விளைச்சல் தராத நிலத்துக்குப் போட்ட முத்திரையை விண்வெளித் தொழில்நுட்பம் வந்த பிறகும் நாம் மாற்றவில்லை. மதுசூதன், அபி வனக் ஆகிய இருவரும் அரைவறட்சிப் பகுதிகளின் திறந்தவெளி இயற்கை நிலங்களைத் தனியாக வரைந்து பார்த்தபோது, அவை சுமார் மூன்று லட்சம் சதுர கிலோமீட்டர் இருப்பதும், நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான அந்த நிலத்தில் ஐந்து சதவீதம்கூடப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வராததும் தெரிந்தது. ஓநாய், கழுதைப்புலி, வெளிமான், கானமயில் எல்லாம் இந்த வெளிகளை நம்பி வாழ்பவை; ஆடு மாடு மேய்ப்பவர்களின் பிழைப்பும் இங்கேதான். வரைபடத்தில் தரிசு என்று விழுந்துவிட்டால், வேறெங்கோ அழிக்கும் காட்டுக்கு ஈடாக மரம் நடுவதற்கும், சூரிய மின்பூங்காவுக்கும், தொழிற்பேட்டைக்கும் கையெழுத்தாக வேண்டிய முதல் நிலம் அதுவாகிவிடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். அதிகாரி முன்னால் இருக்கும் வரைபடம் அந்த நிலத்தைக் காலி என்று சொல்கிறது. அவர் அதை நம்பிக் கையெழுத்திடுகிறார்.

பாதுகாப்பதிலும் இதே கோளாறு உண்டு. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் உலகம் முழுக்க உயரமான, செங்குத்தான, சாலைக்கும் ஊருக்கும் தொலைவான இடங்களிலேயே குவிந்திருப்பதை ஜோப்பா, பாஃப் ஆகியோரின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உழவுக்கும் கட்டடத்துக்கும் உதவாத நிலத்தைக் காப்பது எளிது. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதனால் ஆபத்து குறைவான இடத்துக்குப் பாதுகாப்பு கூடுகிறது, ஆபத்து நெருங்கிவிட்ட இடத்துக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டின் ஐந்து புலிகள் காப்பகங்களும் மேற்குப் புறத்து மலைகளில்தான் இருக்கின்றன. அவை தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தூத்துக்குடியின் தேரிக்காடும், தென்மாவட்டங்களின் புல்வெளியும், கிழக்குக் கடற்கரையின் வறண்ட பசுமைக்காடும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை என்பதுதான் குறை. இதற்கு மாற்றாக 1980-களிலும் 90-களிலும் பாப் பிரெஸ்ஸி, கிறிஸ் மார்குலஸ் முதலியோர் ஆஸ்திரேலியாவில் வளர்த்தெடுத்த முறையின் சாரம் எளிமையானது. முதலில் எவையெவை வாழ வேண்டும் என்று இலக்கு வைக்க வேண்டும்: இந்தத் தாவரக்கூட்டத்தில் இத்தனை சதவீதம், அந்த உயிரினத்துக்கு இத்தனை வாழிடம். பிறகு, ஏற்கெனவே காப்பாற்றியவற்றில் எது விடுபட்டிருக்கிறதோ அதைச் சேர்க்கும் இடத்துக்கு முன்னுரிமை. நூறு இனங்கள் உள்ள மலையொன்று முன்பே காப்பில் இருந்தால், அதே நூறு இனங்கள் உள்ள இரண்டாவது மலையைவிட, எங்குமே காக்கப்படாத ஐந்து இனங்கள் உள்ள பொட்டல்வெளி முக்கியம். கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆயிரக்கணக்கான கட்டங்களையும் நூற்றுக்கணக்கான இலக்குகளையும் ஒருசேர வைத்துக் கணிக்க வேண்டும். இடவரைபடமும் கணினியும் அதற்குத்தான்.

நடைமுறையில் இது கைகூடுமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு பதில் சொல்லும். 2004-க்கு முன் அந்தக் கடல் பூங்காவில் மீன்பிடிக்கவே கூடாத பகுதி ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் பவளப்பாறைகளில். கடலடியில் இருக்கும் மணல்வெளியும் புல்தரையும் கணக்கிலேயே இல்லை. அறிவியலாளர்கள் அந்தக் கடலை 70 உயிர்ப்புவியியல் பகுதிகளாக வரைந்தார்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் காக்கப்பட வேண்டும் என்று விதி வகுத்து, மீனவர்களுக்கும் சுற்றுலாவுக்கும் எங்கே இடைஞ்சல் குறைவு என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் பொதுமக்களிடமிருந்து வந்தன. வரைவு எல்லைகளில் நிறைய மாற்றங்கள் நடந்தன. 2004 ஜூலை 1-லிருந்து மூன்றில் ஒரு பங்கு கடல் மீன்பிடிப்பு இல்லாத பகுதியானது. தொழில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இருபது கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இழப்பீடு போனது. இங்கே கவனிக்க வேண்டியது, எல்லைகளை எவ்வளவு நகர்த்தினாலும் எழுபது பகுதிகளுக்கும் இருபது சதவீதம் என்ற விதி பேச்சுவார்த்தையின் அடித்தளமாக நின்றது என்பதுதான். ஓரிடத்தை விட்டுக்கொடுத்தால் அதே பகுதியில் வேறிடம் தர வேண்டும். அந்த விதியும் வரைபடமும் இல்லையென்றால் யார் குரல் பெரிதோ அவர்களுக்குச் சாதகமாகக் கோடு நகர்ந்திருக்கும்.

நிலத்தில் இதைச் சட்டமாகவே மாற்றிய நாடு தென்னாப்பிரிக்கா. 2004-ல் நிறைவேறிய அதன் பல்லுயிர்ச் சட்டம், ஆபத்திலிருக்கும் இயற்கைச் சூழல்களைப் பட்டியலிடவும், வட்டார அளவில் திட்டம் வகுக்கவும் வழிசெய்தது. அதே ஆண்டில் நாடு தழுவிய முதல் இடவரைபட மதிப்பீடு நடந்தது. 2011-லும் 2018-லும் அது புதுப்பிக்கப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, எவ்வளவு எஞ்ச வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கேப் பகுதியின் மலைகள் நன்றாகக் காக்கப்பட்டிருந்ததும், கோதுமை விளையும் தாழ்நிலத்து இயற்கைத் தாவரங்களில் பெரும்பகுதி உழப்பட்டுவிட்டதும் அப்போது வெட்டவெளிச்சமானது. இந்த வரைபடங்கள் அலமாரிக்குப் போகவில்லை. சாதாரண இடத்தில் ஒரு ஹெக்டேர் இயற்கைத் தாவரத்தை அகற்றினால்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆபத்திலிருக்கும் சூழல் என்று பட்டியலிட்ட இடத்திலும், வட்டாரத் திட்டத்தில் முக்கியப் பகுதி என்று குறித்த இடத்திலும் 300 சதுர மீட்டருக்கே அனுமதி வேண்டும் என்று விதியில் எழுதினார்கள். நம் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் சுரங்கங்கள் நின்றுவிட்டன என்று சொல்ல வரவில்லை. மபோலா என்னும் பாதுகாக்கப்பட்ட புல்வெளியில் நிலக்கரி எடுக்க அமைச்சர்களே அனுமதி தந்தார்கள். ஆனால் 2018-ல் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துசெய்தபோது, வழக்குத் தொடுத்தவர்களுக்குப் பிடித்து நிற்கச் சட்டபூர்வமான ஓர் எல்லைக்கோடு இருந்தது.

அப்படியொரு கோடு இந்தியாவில் கிட்டத்தட்ட வந்து, பிறகு அழிந்துபோன வரலாறு பலருக்கு நினைவில் இல்லை. 2009, 2010-இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் நிலக்கரி அமைச்சகமும் சேர்ந்து ஒன்பது பெரிய நிலக்கரி வயல்களின் வரைபடத்தையும் வனப்பரப்பு வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தன. அடர்காடு இருந்த இடங்கள் ‘தொடக்கூடாதவை’ என்றும் மற்றவை ‘தோண்டலாம்’ என்றும் பிரிக்கப்பட்டன. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் அரந்த் காடு முழுவதும் தொடக்கூடாத பட்டியலில் வந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு வரைபடம் பேச முடியாது. ஆனால் அந்தப் பிரிவினைக்குச் சட்டத்தின் பின்பலம் கிடையாது. மற்ற அமைச்சகங்கள் எதிர்த்தன, வரையறை தளர்ந்தது, முடிவில் கைவிடப்பட்டது. 2011 ஜூனில், வன ஆலோசனைக் குழு வேண்டாம் என்று சொல்லியும், ஹஸ்தேவ் அரந்தின் பர்சா கிழக்கு - காந்தே பாசன் தொகுதிக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் காட்டுக்காக ஆதிவாசிகள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அறிவு போதாமல் நேர்ந்த இழப்பில்லை அது. அரசே வரைந்த கோட்டை மதிக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லாததால் நேர்ந்தது.

வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்பது இத்தகைய வரைபடத்துக்கு எதிராக முதலில் எழும் வாதம். ராஜஸ்தானின் கானமயில் வழக்கைப் பார்த்தால் உண்மை வேறு மாதிரி இருக்கிறது. நூற்றைம்பதுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் இந்தப் பறவைக்கு உடல் கனம், முன்பார்வை குறைவு. பறந்து வரும்போது குறுக்கே கிடக்கும் மின்கம்பியைக் கண்டு விலகுவதற்கு நேரம் போதாது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்நிலை மின்கம்பிகளைக் கட்டுப்படுத்தியது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகும் பகுதி அது என்பதால் ஒன்றிய அரசு எதிர்த்தது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் முந்தைய ஆணையைத் திருத்தி, ராஜஸ்தானில் 13,163 சதுர கிலோமீட்டர், குஜராத்தில் 500 சதுர கிலோமீட்டர் என்று முன்னுரிமைப் பகுதியில் என்ன செய்ய முடியும் என ஆராய நிபுணர் குழுவை அமைத்தது. பறவை இன்றைக்கு உண்மையில் வாழும் இடம் எது, வரக்கூடிய இடம் எது என்று தரம்பிரித்த வரைபடம் மின்கம்பிகள் வருவதற்கு முன்னாலேயே சட்டமாகியிருந்தால், நிறுவனங்கள் அந்தப் பதின்மூன்றாயிரத்துக்கு வெளியே முதலீடு செய்திருக்கும். பல பறவைகள் பிழைத்திருக்கும். எங்கே போகக்கூடாது என்பது முன்கூட்டியே தெரிவது முதலாளிக்கும் லாபம்தான். நிச்சயமின்மைதான் அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய செலவு. நாயக்கர்பட்டியில் ஏலம் எடுத்த நிறுவனத்துக்கும் கடைசியில் கிடைத்தது ரத்தான காகிதம்தான்.

இரண்டாவது வாதத்தை நான் இதைவிடக் கனமானதாக எண்ணுகிறேன். மேலிருந்து எடுத்த படத்தில் மனிதர்கள் தெரிவதில்லை. காட்டையும் புல்வெளியையும் நம்பி வாழ்பவர்களை வெளியேற்ற வரைபடம் ஒரு கருவியாகிவிடும் என்பது அது. இந்தப் பயம் கற்பனையில்லை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று உத்தரவிட்டபோது, கேரள அரசு உள்ளே இருக்கும் கட்டடங்களைச் செயற்கைக்கோள் மூலம் கணக்கெடுத்தது. டிசம்பரில் அந்த அறிக்கை வெளியானபோது எத்தனையோ வீடுகள் அதில் இல்லை. மரங்களுக்கு அடியில் இருக்கும் ஓட்டுவீட்டை மேலிருந்து பார்க்கும் கண் எப்படிக் காணும்? மலையோர ஊர்கள் கொதித்தன. பஞ்சாயத்துகளில் உதவி மையம் திறந்து களத்தில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில் நீதிமன்றமும் தன் ஆணையைத் தளர்த்தியது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காக மாதவ் காட்கில் குழு 2011-ல் தந்த அறிக்கைக்கு நேர்ந்ததும் இதன் இன்னொரு வடிவம். ஒன்பது கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களை வைத்து தாலுகா தாலுகாவாக உணர்திறன் தரம் போட்ட அந்தக் குழு, இறுதி எல்லைகளை ஊர்மக்களோடு பேசியே முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. பேச்சு நடக்கவில்லை, மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது வதந்திதான். கஸ்தூரிரங்கன் குழு 2013-ல் ஊர் அளவுக்கு இறங்கி, மலைப்பரப்பில் 37 சதவீதத்தை மட்டும் குறித்தது. அதற்கும் எதிர்ப்பு. வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31 அன்று, ஒன்றிய அரசு வெளியிட்டது அந்தப் பரப்புக்கான அறிவிக்கையின் ஆறாவது வரைவு. வரைபடமே வேண்டாம் என்பது இதற்கு மருந்தாகாது. வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் கிராம சபைகள் தங்கள் சமூகக் காட்டின் எல்லையைத் தாங்களே அளந்து வரைகின்றன. அந்த எல்லைகள் தேசிய வரைபடத்தின் முதல் அடுக்காக இருக்க வேண்டும். மேய்ச்சல் நிலமாக வாழும் புல்வெளியைத் தரிசு என்று எழுதாமல் மேய்ச்சல் நிலம் என்றே குறித்தால், கீதாரிக்கும் வெளிமானுக்கும் ஒரே கோடு காவலாகும்.

மேலே வரையும் கோடு கீழே சர்வே எண்ணாக இறங்காதவரை எந்த அறிவிக்கையும் முழுமையாவதில்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமானது. நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் கட்டட அனுமதி தருபவரும் பார்ப்பது ராம்சர் வரைபடத்தை இல்லை. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பட்டாவையும்தான். எந்தெந்தச் சர்வே எண்கள் உள்ளே, எவை வெளியே, எதில் பட்டா இருக்கிறது என்று தலத்தை அறிவித்த கையோடு எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். அது நடக்காததால்தான் 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, தலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. பட்டா வைத்திருப்பவருக்கும் அநியாயம், சதுப்புநிலத்துக்கும் அநியாயம். நாடு முழுக்க இதே நிலைதான். 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க உச்ச நீதிமன்றம் 2017-லேயே உத்தரவிட்டது. 2024 டிசம்பரில், புதுப்பித்த பட்டியலின் 2,31,195 ஈரநிலங்களைக் களத்தில் போய்ச் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. பழைய தொகுப்பில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு நீர்நிலைகள் வெறும் புள்ளிகளாகத்தான் இருக்கின்றன. பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலைகளை 2017-ன் ஈரநில விதிகள் விலக்கிவிட்டன. தமிழ்நாட்டின் ஏரிகளும் கண்மாய்களும் அதில் அடிபடுகின்றன. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் மனிதர் வெட்டிய ஏரிகள் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

தகவல் முழுமையாக இல்லாதபோது எப்படி வரைவது என்றும் கேட்கிறார்கள். முழுமை எந்த நாட்டிலும் வரப்போவதில்லை. ஆனால் நிலம் ஒதுக்கும் வேலை அதற்காகக் காத்திருப்பதும் இல்லை. வரைபடம் இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியாமலே முடிவெடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா செய்ததைப்போல ஏழாண்டுக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே போகலாம். 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்குச் சுமார் முப்பதாயிரம் பறவை ஆர்வலர்கள் தந்த மூன்று கோடிப் பதிவுகள் ஆதாரமாயின. 942 இனங்களை அது மதிப்பிட்டது. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகள் தயாரித்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 2020 ஜனவரி கெடுவுக்காக அவசரத்தில் எழுதியவை அவற்றில் ஏராளம். இடக்குறிப்பு இல்லாமல் பெயர்ப்பட்டியலாகவே நின்றுபோனவையும் உண்டு. அவற்றை எடுத்துக் கிராம வரைபடத்தில் இடம் குறிப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையில்லை. அரிய உயிரினத்தின் இருப்பிடத்தை வெளியிட்டால் வேட்டைக்காரனுக்குத் தகவல் போகுமே என்ற கவலை நியாயமானது. தென்னாப்பிரிக்காவின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான இணையத்தளத்தில் அத்தகைய இனங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எல்லைக்கோடு எல்லோருக்கும் தெரியும், உள்ளே இருக்கும் கூடு தெரியாது.

எனக்கு முழுப் பதில் கிடைக்காத எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. முக்கியமான இடத்தைக் கோடு போட்டுக் காட்டினால், கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் அழிக்க அனுமதித்தது போல ஆகிவிடாதா? ஆகக்கூடும். ஆவணங்களில் பதிவாகாத காடுகளை வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023 திருத்தம் விலக்க முயன்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காடு என்பதன் அகராதிப் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றும்படி இடைக்கால ஆணை தந்தது. பதிவில் இல்லாதது காடே இல்லை என்னும் வாதத்தின் ஆபத்து இதில் புரியும். அதனால் புதிய வரைபடம் இருக்கும் பாதுகாப்புக்கு மேலே கூடுதல் காவலாக வர வேண்டும். எதற்கும் பதிலாக வரக் கூடாது. கோட்டுக்கு வெளியே இருக்கும் நிலத்துக்கு இன்றைய சட்டங்கள் அனைத்தும் அப்படியே பொருந்தும் என்பதை முதல் பிரிவிலேயே எழுதிவிட வேண்டும். அப்படி எழுதினாலும் நடைமுறையில் அழுத்தம் வெளியே திரும்பும் என்பதை மறுக்க முடியாது. ஈடுசெய்ய முடியாததை இழப்பதைவிட அந்த அழுத்தத்தோடு போராடுவது மேல் என்று கருதுகிறேன்.

சட்டத்துக்குப் புதிதாக நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை. எந்த இடத்தில் எந்தத் தொழில் கூடாது என்று விதிக்க 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மூன்றாம் பிரிவும், அதன் விதிகளில் ஐந்தாவதும் ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகின்றன. 1989-ல் டூன் பள்ளத்தாக்கும், 1991-ல் தஹானுவும், 1992-ல் ஆரவல்லியின் ஒரு பகுதியும் இதே அதிகாரத்தால்தான் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அடிப்படை வரைபடத்தை மாநிலப் பல்லுயிர் வாரியங்கள் உள்ளாட்சிகளோடு சேர்ந்து தயாரிக்க வேண்டும். மாநிலங்களின் எல்லையில் அறுந்துபோகாமல் அவற்றைத் தைத்து வெளியிடும் பொறுப்பு தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கு வரலாம். 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் ஏற்ற உலக ஒப்பந்தத்தின் முதல் இலக்கே, பல்லுயிர் வளம் மிகுந்த இடங்களின் இழப்பை இடவரைபடத் திட்டமிடல் மூலம் 2030-க்குள் பூஜ்ஜியத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதுதான். இந்தியாவும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தைச் சுரங்கச் சட்டத்தின் 2023 திருத்தம் ஒன்றிய அரசிடம் கொடுத்த பிறகு, தொகுதிகள் சுற்றுச் சுற்றாக ஏலத்துக்கு வருகின்றன. ஏல அறிவிப்போடு தொகுதியின் எல்லையும், மாநிலப் பல்லுயிர் வாரியம் அதன் மேல் வைத்துப் பார்த்த வரைபடமும், உள்ளே வரும் சர்வே எண்களும் அந்தந்த மாநில மொழியில் வெளியாக வேண்டும். அவை கிராம சபையில் வாசிக்கப்பட்ட பிறகே ஏலம் செல்லும் என்று ஏல விதிகளில் ஒரு பிரிவைச் சேர்ப்பதை, அடுத்த சுற்றுக்கு முன்பே சுரங்க அமைச்சகம் செய்யலாம்.